வண்டி வரைக்கும் வருகிறவள்

சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகிற வழியில் ஓடை விலக்கு என்று ஓர் இடம் வரும். பஸ் நின்றாலும் நிற்கும், நிற்காமல் போனாலும் டிரைவரைக் குறை சொல்ல முடியாது, அப்படிப்பட்ட இடம். ஒரு வேப்பமரம், மகாராஜா என்பவனின் பஞ்சர் கடை, அதை ஒட்டி முப்பிடாதியம்மாளின் பெட்டிக்கடை. கடைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் மஞ்சளாக ஏதோ நிரப்பிய பாட்டில் ஒன்றை வைத்திருப்பாள். அந்த ரோட்டில் பைக் ஓட்டுகிற எவனுக்கும் அதன் அர்த்தம் தெரியும். டாங்கி காய்ந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு நாக்குத் தள்ள வருகிறவன் கண்ணில் அந்தப் பாட்டில் பட்டால், சங்கரநாராயணரே ரோட்டோரத்தில் வந்து தரிசனம் கொடுத்த மாதிரி இருக்கும்.

பாட்டிலில் இருப்பது மஞ்சள்தூள் கரைத்த தண்ணீர். அசல் பெட்ரோல் கேன் கேனாகக் கடைக்குப் பின்னால், பள்ளம் தோண்டி ஈரச்சாக்கு போர்த்தி, வெயில் படாமல் கிடக்கும். ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தால் முதலில் ஸ்டூலில் இருப்பதை எடுத்து மோந்து பார்ப்பார். "என்ன முப்பிடாதி, சாம்பாரா விக்கே?" என்று கேட்டுவிட்டு, ஒரு சோடா குடித்துவிட்டுப் போவார். ஒன்றிரண்டு தடவை பின்பக்கமும் போய்ப் பார்த்திருக்கிறார். அப்போது கேன்கள் ஜீப்பில் ஏறிப் போயின, முப்பிடாதியும் கோர்ட்டுக்குப் போய் அபராதம் கட்டிவிட்டு வந்தாள். செய்வது சட்டப்படி தப்பு என்று அவளுக்குத் தெரியும். இல்லையென்று யாரிடமும் அவள் வாதாடியதும் கிடையாது. ஆனால் இந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் வருகிற வரைக்கும் ஜனங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டே அலையவேண்டுமா என்று அவள் கேட்டால், ஏட்டும் சோடாவைத்தான் பார்ப்பார்.

சரக்கு வருகிற கதை அதைவிட வேடிக்கை. பங்கில் பாட்டிலுக்கும் கேனுக்கும் ஊற்றமாட்டார்கள். அதனால் முப்பிடாதியின் வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் ஒரு பழைய புல்லட்டை வாங்கினார். அவருக்குச் சவாரி ஆசை எதுவும் இல்லை, டாங்கி பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். காலையில் சங்கரன்கோவிலில் ஒரு பங்க், மத்தியானம் வேறொரு பங்க். டாங்கியை வாய்வரை நிரப்பிக்கொண்டு வந்து, கடைக்குப் பின்னால் டியூபைப் போட்டு உறிஞ்சிக் கேனுக்கு இறக்குவார். "அண்ணாச்சி, வண்டில ஓட்டை எதுவும் இருக்கா?" என்று பங்கில் பெட்ரோல் போடுகிற பிள்ளைகள் சிரிப்பார்கள். "வயசான வண்டில்லா மக்கா, குடிக்கத்தான் செய்யும்" என்பார். ஒரு காலத்தில் வாயில் ஒன்று, காதில் ஒன்று என்று பீடியோடு திரிந்த மனுஷர். கடை போட்ட அன்றைக்கே முப்பிடாதி பீடிக்கட்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டாள். "பீடி வேணுமா, பொண்டாட்டி வேணுமா?" என்று கேட்டாளாம். சுயம்புலிங்கம் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார் என்று மகாராஜா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

இதெல்லாம் ரோட்டோரத்தில் பெட்ரோல் விற்கிற எல்லாரும் செய்கிற காரியம்தான். முப்பிடாதிக்கு மட்டும் ஒரு தனிப் பழக்கம் உண்டு. பாட்டிலை யார் கையிலும் கொடுக்கமாட்டாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் புனலை வைத்து அவளே ஊற்றுவாள். வண்டி தூரத்தில் நிற்கிறது, நடந்து வந்தேன் என்று யாராவது சொன்னால், "எங்கன நிக்கி?" என்று கேட்டுவிட்டு, ஒரு கையில் பாட்டில், மறு கையில் புனல், தலையில் முந்தானை, வந்தவர் கூடவே கிளம்பிவிடுவாள். எவ்வளவு தூரமானாலும் சரி, ஆடிக்காற்று ஆளைத் தூக்கினாலும் சரி. ஊற்றி முடித்து, வண்டி கிளம்பியதைப் பார்த்துவிட்டு, காலிப் பாட்டிலோடு திரும்பி நடப்பாள். மேற்கே எலுமிச்சந்தோட்டம் வைத்திருக்கிற சங்கரசுப்பு, மருந்தடிக்கிற மிஷினுக்குப் பெட்ரோல் வேண்டுமென்றால் மிஷினையே பைக்கில் கட்டித் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும். அவர் புலம்பாத புலம்பல் கிடையாது. முப்பிடாதி அசையமாட்டாள்.

இதற்குப் பின்னால் பெரிய தத்துவம் இருப்பதாக யாரும் நினைக்கவேண்டாம். எல்லாம் பாட்டிலுக்காகத்தான். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றிவைத்தால் நாலு நாளில் தொளதொளத்துப்போகும், மூடி கசியும். இஞ்சின் ஆயில் வருகிற கெட்டிப் பாட்டில்தான் தாங்கும். அது மகாராஜா கடையில் எப்போதாவதுதான் மிஞ்சும். கடை போட்ட புதிதில், "திரும்பி வரும்போது தாரேன் அக்கா" என்று வாங்கிக்கொண்டு போனவர்கள் அத்தனை பேரும் வேறு வழியில் திரும்பிவிட்டார்கள். கடைசிப் பாட்டில் மிஞ்சிய அன்றைக்குத்தான் முப்பிடாதி கூட நடக்க ஆரம்பித்தாள். "கட்டுன புருஷன் ஊருக்குப் போனா பஸ் ஏத்திவிட வரமாட்டா, பாட்டிலுக்கு மட்டும் துணைக்குப் போறா" என்று சுயம்புலிங்கம் அங்கலாய்ப்பார்.

ஒருமுறை சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா பார்த்துவிட்டுத் திரும்பிய பேங்க் ஆபீசர் ஒருவர் இதைப் பார்த்துக் கோபப்பட்டார்.

"ஏங்க, ஒரு பிளாஸ்டிக் பாட்டில எடுத்துட்டு ஓடிருவேன்னா நெனைக்கீங்க?"

"நீங்க ஓடமாட்டீங்க சார். பாட்டில்தான் ஓடிரும்."

கோபம் பத்தடி தூரம்கூட நிற்கவில்லை. வண்டியை அடைவதற்குள் தன் டிரான்ஸ்பர் விஷயம், மகளுக்கு வந்த டெங்கு, வீட்டம்மா இரண்டு நாளாகப் பேசாமல் இருப்பது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வெயிலில் கூட நடக்கிறவளிடம் ஜனங்களுக்கு எப்படியோ வாய் திறந்துவிடுகிறது. முப்பிடாதி புத்தியெல்லாம் சொல்லமாட்டாள். "ஆமா சார், அப்படித்தான் வரும்" என்று ஊற்றிவிட்டுப் பாட்டிலை வாங்கிக்கொள்வாள். இப்படி எத்தனை பேருடைய பாரத்தைக் காலிப் பாட்டிலோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது. நான் அவளை மெச்சுவது முதலில் இதற்காகத்தான். அடுத்தது, போன சித்திரையில் நடந்த காரியத்துக்காக.

அன்றைக்கு மத்தியானம் சுயம்புலிங்கம் புல்லட்டோடு பங்குக்குப் போயிருந்தார். ரோட்டில் ஈ காக்கை இல்லை. மேற்கேயிருந்து ஒரு பெண் தனியாக நடந்து வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். விசேஷ வீட்டுக்குக் கட்டுகிற மாதிரி நல்ல சேலை, கணுக்கால் வரைக்கும் புழுதி, கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. வந்ததும் நிழலுக்குக்கூட ஒதுங்காமல் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள்.

"ஒரு லிட்டர் பெட்ரோல் தாங்க."

"வண்டி எங்கனம்மா நிக்கி?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "அங்கன... குளத்துக்கரைல."

"என்ன வண்டி?"

"ஸ்கூட்டி."

முப்பிடாதி பின்பக்கம் போய்ப் பாட்டிலை நிரப்பி மூடியை இறுக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் கையை நீட்டினாள்.

"குடுங்க. நானே கொண்டுபோய் ஊத்திக்கிடுதேன்."

"பாட்டிலத் தரமாட்டேன்மா. வா, நானும் வாரேன்."

பஞ்சர் கடையிலிருந்து மகாராஜா தலையை நீட்டினான். "தங்கச்சி, அந்த அக்காட்ட உசுரக் கேளு, குடுத்திருவா. பாட்டிலக் கேக்காத."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மீதிச் சில்லறையையும் வாங்கவில்லை. திரும்பி நடக்க ஆரம்பித்தாள். கடையைப் பார்த்துக்கொள்ளும்படி மகாராஜாவிடம் சாடை காட்டிவிட்டு, முப்பிடாதி பின்னாலேயே எட்டு வைத்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் முப்பிடாதிக்கு ஏதோ உறுத்தியது. வண்டி நின்றுபோனவர்கள் சும்மா வரமாட்டார்கள். சாவியை விரலில் மாட்டிச் சுழற்றுவார்கள். நேற்றுத்தானே போட்டேன், எவன் எடுத்து ஓட்டினான் என்று தம்பியையோ மச்சானையோ திட்டுவார்கள். இவள் யாரையும் திட்டவில்லை. கையில் சாவியும் இல்லை.

குளத்துக்கரை வந்தது. வறண்ட குளம், அதற்குள் சீமைக்கருவேலம், கரையில் இரண்டு ஆடுகள். ஸ்கூட்டி இல்லை.

"இங்கன இல்லியேம்மா?"

"இன்னுங் கொஞ்சம் தள்ளி. பாலத்துக்கிட்ட."

அந்தப் பாலம் அங்கிருந்து பார்த்தாலே தெரியும். அதன் பக்கத்தில் ஒரு சைக்கிள்கூட நிற்கவில்லை. தான் என்னத்தைத் தூக்கிக்கொண்டு யாருக்குப் பக்கத்தில் நடக்கிறோம் என்பது அப்போதுதான் முப்பிடாதிக்கு விளங்கியது.

திரும்பி ஓடிவிடலாம். ஆனால் இவள் அடுத்த ஊரில் வேறொரு கடைக்குப் போவாள், அங்கே கேட்டவுடன் கையில் கொடுத்துவிடுவார்கள். சத்தம் போடலாம். ஆனால் கேட்பதற்கு ஆள் இல்லை, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தோட்டத்துக் கிணறுகள்தான் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. முப்பிடாதிக்குத் தெரிந்ததெல்லாம் வண்டி வரைக்கும் கூடப் போவதுதான். வண்டியே இல்லாதவளோடு எதுவரைக்கும் போவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எதுவரைக்கும் ஆனாலும் போவது என்று முடிவு கட்டிக்கொண்டு, பாட்டிலை அந்தப் பெண்ணுக்கு எட்டாத பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பேரென்னம்மா?"

"கனகலட்சுமி."

"வண்டி என்ன கலரு?"

கனகலட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "செவப்பு."

"எம்மா, செவப்பு எடுப்பாத்தான் இருக்கும். எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு, கருப்புல. எருமமாடு மாதிரி. ஏறி உக்காந்தா எறங்க ரெண்டு ஆளு பிடிக்கணும். ஸ்கூட்டின்னா நமக்குத் தோதுல்லா? சேல கட்டிக்கிட்டு ஓட்டலாம். முன்னாடி பிள்ளைய நிப்பாட்டிக்கிடலாம்."

கனகலட்சுமி நடப்பதை நிறுத்திவிட்டாள். உதடு கோணியது.

"எம்பிள்ளைக்கு முன்னாடி நிக்கத்தான் பிடிக்கும்" என்றாள். சொன்னதுதான் தாமதம், பாட்டிலின்மேல் பாய்ந்தாள். "அக்கா, அதக் குடுத்திட்டுப் போயிருங்கக்கா! ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்! நீங்க ஒண்ணையும் பாக்க வேண்டாம், போயிருங்க!"

இரண்டு பேரும் நடுரோட்டில் மல்லுக்கட்டினார்கள். பஸ் சக்கரத்தைத் தள்ளி உருட்ட மகாராஜாவுக்குக் கை கொடுத்துப் பழகியவள் முப்பிடாதி. ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு ரோட்டோரமாக ஓடி, மூடியைத் திறந்து, அத்தனையையும் காய்ந்த மண்ணில் கவிழ்த்தாள். பாட்டில் களக் களக்கென்று காலியானது. பிறகு ஓடிவந்து கனகலட்சுமியின் கையைப் பிடித்து, தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்ப் பாலத்துச் சுவரில் உட்காரவைத்தாள்.

"மடில என்னட்டி வச்சிருக்க? எடு!"

கனகலட்சுமி இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். முப்பிடாதி அதைப் பாலத்துக்கு அடியில் கிடந்த சகதிக்குள் வீசினாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அந்தப் பெண்ணின் முதுகைத் தடவினாள். பயம், கோபம், இரக்கம் மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷர் அப்படித்தான் செய்வார்கள்.

கனகலட்சுமி சொன்னது ரொம்பச் சின்னக் கதை. புருஷன் காளிராஜ் காய்ச்சலில் படுத்துப் போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்று ஆகிறது. அவள் சங்கரன்கோவிலில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு தறிக்குப் போகிறாள். மகள் முத்துமணியை மாமனார் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒருநாள் பார்க்கவிட்டார்கள், அப்புறம் மாதத்துக்கு ஒருநாள், அப்புறம் இல்லை. இன்றைக்குப் பிள்ளைக்குப் பிறந்தநாள். புதுக் கவுன் வாங்கிக்கொண்டு போனாள். கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே பிள்ளை அம்மா என்று அழுகிற சத்தம் கேட்டது, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டார்கள்.

"அந்த டிவிச் சத்தத்த என்னால தாங்க முடியலக்கா."

"யாரு ஒன் மாமனாரு?"

"சங்கரசுப்பு. எலுமிச்சந்தோட்டம்."

முப்பிடாதி மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "அந்த மனுஷனா? எந்திரி."

"எங்கக்கா?"

"நீ சொன்ன எடத்துக்கெல்லாம் நான் வந்தேம்லா? இப்போ நான் கூப்பிடுத எடத்துக்கு நீ வா."

அங்கிருந்து தோட்டத்து வீடு கொஞ்ச நஞ்ச தூரமில்லை. இரண்டு பேரும் வெயிலோடு நடந்தார்கள். முப்பிடாதியின் கையில் காலிப் பாட்டிலும் புனலும் இருந்தன, கனகலட்சுமியின் கையில் ஜவுளிக்கடைப் பை. கேட்டைத் தட்டியதும் சங்கரசுப்பு வந்தார். பின்னால் நின்ற மருமகளைக் கவனிக்கவில்லை. முப்பிடாதி கம்பிக்கு உள்ளே கையை விட்டுப் பாட்டிலை அவர் கையில் திணித்தாள். அவள் கூட நடக்க ஆரம்பித்தபிறகு, பாட்டில் அவள் கையை விட்டு இன்னொருவர் கைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

"என்ன முப்பிடாதி, மிஷினுக்குப் பெட்ரோல் நான் கேக்கலியே? அதுவும் நீயே கொண்டுட்டு வந்திருக்க?"

"மிஷினுக்கு இல்ல அண்ணாச்சி. ஒங்க மருமக அவளுக்குன்னு வாங்குனா. மோந்து பாருங்க."

சங்கரசுப்பு மோந்து பார்த்தார். மருமகளைப் பார்த்தார். விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளையக் காட்டுனா கூட்டிட்டுப் போயிருவா முப்பிடாதி" என்றார். "எம்மகன் நெனப்புன்னு சொல்ல எனக்கு அது ஒண்ணுதான இருக்கு?"

அவருக்காகவும் முப்பிடாதிக்கு மனசு வலித்தது. ஆனாலும் விடவில்லை.

"இவ கருகிப் போயிட்டா, பிள்ள ஒங்களுக்கே நெலச்சிரும்னு நெனைக்கீங்களா? நாளைக்கு வளந்து நின்னு எங்கம்மா எங்க, தாத்தான்னு கேக்கும். இந்தப் பாட்டிலயா காட்டுவீங்க?"

உள்ளே டிவி சத்தம் போட்டுக்கொண்டேயிருந்தது. பிறகு சங்கரசுப்பு கம்பியைப் பிடித்து எழுந்து தாழ்ப்பாளை நீக்கினார். "ஏட்டி முத்துமணி, ஒங்கம்மா வந்திருக்கா பாரு" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். பிள்ளை ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது. முப்பிடாதி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

கடைக்குத் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சுயம்புலிங்கம் ரோட்டுக்கும் கடைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"எங்கட்டி போய்த் தொலைஞ்ச? தேடித் தேடி அலையுதேன்! ஆமா, பாட்டில எங்க?"

"விட்டுட்டு வந்திட்டேன்."

சுயம்புலிங்கத்துக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. மகாராஜாவும் டியூபைக் கீழே வைத்துவிட்டான். முப்பிடாதி ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, புனலைக் கழுவி ஆணியில் மாட்டினாள். நடந்ததை மறுநாள்தான் வாயைத் திறந்து சொன்னாள். அதைக் கேட்டபிறகு, பாட்டிலுக்காகக் கூட நடக்கிறாள் என்று அந்த விலக்கில் யாரும் கேலி பேசுவதில்லை. சங்கரசுப்பு மாதாமாதம் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறார், புலம்புவதில்லை. அந்தப் பாட்டிலை அவர் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, முப்பிடாதி கேட்கவும் இல்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை, வேப்பமரத்தடியில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. நல்ல சிவப்பு. நம்பர் பிளேட்டில் பொட்டு வைத்திருந்தது. ஓட்டி வந்தவள் கனகலட்சுமி. முன்னால், கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தானே ஓட்டுகிற தோரணையில் முத்துமணி நின்றாள். இப்போது பிள்ளை அம்மாவோடு இருந்து சங்கரன்கோவிலில் பள்ளிக்கூடம் போகிறது, சனி ஞாயிறு தாத்தா வீடு. வண்டிக்கு முன்பணம் கொடுத்தது சங்கரசுப்புதான் என்று மகாராஜா சொல்கிறான். அவன் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம்.

கனகலட்சுமி சாவியை உருவி, விரலில் மாட்டித் தூக்கிக் காட்டினாள்.

"அக்கா, வண்டி இங்கன நிக்கி."

முப்பிடாதி பின்பக்கம் போய் வேறொரு பாட்டிலை நிரப்பினாள், ஆணியிலிருந்து புனலை எடுத்தாள். கனகலட்சுமி சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்தாள். டாங்கி ஏற்கெனவே நிறையத்தான் இருந்தது. கண் மறைத்த கண்ணீரில் முப்பிடாதிக்கு அது தெரியவில்லை, கனகலட்சுமியும் சொல்லவில்லை. பெட்ரோல் வழிந்து சிவப்புப் பெயின்ட்டில் ஓடியது.

"பெரியம்மா, சிந்துது" என்றாள் முத்துமணி.

"சிந்தட்டும் மக்கா" என்றாள் முப்பிடாதி.